‘இன்னொரு தடவை’ என்று சொல்லாமல் ஒரு கல்யாண வீடியோ

கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடுக்க ஆரம்பித்து எனக்கு இது பதினாறாவது வருடம். அதற்கு முன்னால் நாலு வருடம் லைட் பாய். 1000 வாட்ஸ் ஹாலஜன் விளக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வீடியோக்காரர் போகிற பக்கமெல்லாம் ஒயரை இழுத்தபடி ஓடுவேன். அந்த வெளிச்சம் முகத்தில் விழுந்ததும் மனிதர்கள் என்ன ஆகிறார்கள் என்பதை அவ்வளவு கிட்டத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பேச்சு நின்றுவிடும். முதுகு நிமிரும். பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் பிசைந்த கையை இலையிலேயே வைத்துக்கொண்டு, விளக்கு நகரும்வரை காத்திருப்பார். அடுத்த கவளம் அதற்கப்புறம்தான்.

கேமரா கைக்கு வந்த பிறகு நானும் அதையேதான் செய்தேன். "சார், இன்னொரு தடவை மாலையைப் போடுங்க." "அம்மா, இப்படித் திரும்பி அட்சதை போடுங்க." தாலி கட்டி முடித்த மாப்பிள்ளையை மறுபடியும் கையை அதே இடத்தில் வைக்கச் சொல்லி எடுத்த கல்யாணங்களுக்குக் கணக்கே இல்லை.

போன ஆவணியில் ஒரு பெண் கடைக்கு வந்தாள். அவளுடைய அக்கா கல்யாணத்தை எடுத்தது நான்தான். "அண்ணா, எங்களை எங்கயும் நிக்கச் சொல்லாதீங்க, சிரிக்கச் சொல்லாதீங்க. நடக்கிறதை மட்டும் எடுங்க. அக்கா வீடியோவுல எல்லாரும் உங்களைத்தான் பாத்துக்கிட்டிருக்காங்க" என்றாள். சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை. அன்று ராத்திரி அந்தப் பழைய வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். 3 மணி நேரம். அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, ஒத்துக்கொண்டேன். அவளுடைய அப்பாவுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. "தம்பி, நீங்க உங்க இஷ்டத்துக்கு எடுங்க. போட்டோவுக்கும் சாதா வீடியோவுக்கும் நான் வேற ஆளு சொல்லிக்கிறேன்" என்றார். அப்போது கொஞ்சம் வருத்தம்தான். அந்த ஏற்பாடு எனக்கு எவ்வளவு பெரிய உதவி, எவ்வளவு பெரிய தொந்தரவு என்பது கல்யாணத்தன்றுதான் தெரிந்தது.

இந்த முறை புதிதல்ல. 1960-களின் தொடக்கத்தில், தோளில் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய 16 எம்எம் கேமராவும், அதோடு இசைந்து ஓடுகிற நாக்ரா டேப் ரெக்கார்டரும் கிடைத்த பிறகு, அமெரிக்காவில் ரிச்சர்ட் லீக்காக், ஆல்பர்ட் மேசில்ஸ் போன்ற டாக்குமென்டரிக்காரர்கள் இப்படி எடுக்க ஆரம்பித்தார்கள். விளக்கு கிடையாது, ஸ்டாண்டு கிடையாது, ‘திரும்பச் செய்யுங்கள்’ கிடையாது. பிரெட்ரிக் வைஸ்மன் என்கிற இன்னொரு டாக்குமென்டரி இயக்குநரின் படங்களில் பேட்டியும் இல்லை, பின்னணிக் குரலும் இல்லை. அவரைப் பற்றி எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கேமராவை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, ஒலிப்பதிவைத் தன் கையில் வைத்துக்கொள்வார். அவர் மைக்கை நீட்டுகிற திசையை வைத்து, அடுத்து எங்கே திரும்பவேண்டும் என்பதை ஒளிப்பதிவாளர் தெரிந்துகொள்வார். காது முன்னால் போகும், கண் பின்னால் வரும். நியூயார்க்கில் டக் பிளாக் என்கிற டாக்குமென்டரி இயக்குநர் வருமானத்துக்காகக் கல்யாண வீடியோ எடுத்தவர். டாக்குமென்டரி எடுக்கிற கண்ணோடுதான் அதையும் எடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட கல்யாணங்கள் எடுத்தபின், அந்த ஜோடிகளில் சிலரை வருடங்கள் கழித்துத் தேடிப்போய் 2014-ல் ஒரு படமே பண்ணினார். நம் தொழிலில் இப்படியும் ஒருவர் இருந்திருக்கிறார் என்பதே எனக்குத் தெம்பாக இருந்தது.

முன்வேலை

முதல் முடிவு, லென்ஸ். வழக்கமாக 24-70 ஜூமும் 70-200 ஜூமும் எடுத்துப்போவேன். தூரத்தில் நின்று இழுத்து எடுத்தால் யாருக்கும் தெரியாது, அதுதான் ‘கேண்டிட்’ என்று நம் வட்டாரத்தில் ஒரு நினைப்பு. எனக்கு அது ஒட்டுக்கேட்பது மாதிரி. தூரத்திலிருந்து எடுத்தால் முகம் வரும், பேச்சு வராது, பக்கத்தில் இருப்பவர்களும் வரமாட்டார்கள். அதனால் கையில் வைத்திருந்த கேமராவுக்கு 35 எம்எம், எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டேன். அதில் ஒருவரை ஒழுங்காக எடுக்கவேண்டும் என்றால் நாலைந்து அடிக்குள் போய் உட்கார்ந்தாக வேண்டும். ஒளிந்துகொள்ள வழியே இல்லை. கிட்டத்தில் இருக்கவேண்டும், ஆனால் ஒரு பொருட்டாக இருக்கக்கூடாது. சவால் இதுதான்.

கிம்பலை வீட்டிலேயே வைத்துவிட்டேன். படம் ஆடாமல் வரும், உண்மைதான். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு ஒருவன் முழங்காலை மடக்கிப் பூனைநடை நடந்தால் மண்டபமே அவனைத்தான் பார்க்கும். பதிலாகக் குழந்தைகள் உட்காருகிற சின்ன பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றை எடுத்துப்போனேன். நம் கல்யாணத்தில் முக்கியமான காரியமெல்லாம் உட்கார்ந்தபடிதான் நடக்கிறது. நின்றுகொண்டு எடுத்தால் எல்லோருடைய உச்சந்தலைதான் வரும். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, முழங்கை இரண்டையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டால் கையும் ஆடாது, கேமராவும் அவர்கள் கண் மட்டத்துக்கு வந்துவிடும். 120 ரூபாய் ஸ்டூல். இந்த வேலைக்கு வாங்கியதிலேயே உருப்படியான பொருள் அதுதான்.

கேமராவில் செய்தவை: நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதில் எரிகிற சாதாரண விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். 1/50 அல்லது 1/100 வைத்தால் அந்தத் துடிப்பு படத்தில் தெரியாது. ஒயிட் பேலன்ஸை, அதாவது விளக்குக்கேற்ப நிறத்தைச் சரிசெய்கிற அமைப்பை, 4300 கெல்வினில் கட்டிப்போட்டேன். ஆட்டோவில் விட்டால், மஞ்சள் சீரியல் விளக்கிலிருந்து டியூப் லைட் பக்கம் திரும்பும்போதெல்லாம் பட்டுப்புடவையின் நிறம் மாறும். பதிவாகிறது என்று காட்டுகிற சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு டேப். பீப் சத்தம் எல்லாம் அணைத்தாயிற்று. முகத்தைத் தேடிப்பிடிக்கிற ஆட்டோ ஃபோகஸையும் அணைத்தேன். கூட்டத்தில் அது நாம் பார்க்கிற ஆளை விட்டுவிட்டு, குறுக்கே போகிற சித்தப்பாவைப் பிடித்துக்கொள்ளும்.

ஒலிக்கு மூன்று சின்ன ரெக்கார்டர். 32 பிட் ஃப்ளோட்டில் பதிபவை, அதாவது லெவல் வைக்கவே வேண்டாம். கிசுகிசுப்பும் கெட்டிமேளமும் ஒரே பதிவில் இருந்தாலும் பின்னால் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். ஒன்று மாப்பிள்ளைக்கு, ஒன்று பெண்ணின் அப்பாவுக்கு, ஒன்று மேளக்காரர்கள் உட்காரும் இடத்துக்கு. உடம்பில் மாட்டும்போது இரண்டு பேரிடமும் சொன்னேன்: "இது ராத்திரி முழுக்க ஓடும். நீங்க பேசுறது எல்லாம் பதிவாகும். வேண்டாதது எதுவா இருந்தாலும் நான் அழிச்சிடுவேன். சந்தேகம்னா நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க." இருவரும் தலையாட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் இருவருமே அதை மறந்துவிட்டார்கள் என்பது பின்னால் கேட்கும்போது தெரிந்தது.

பந்தக்கால் ஊன்றும் அன்றே அந்த வீட்டுக்குப் போய்விட்டேன். ஒரு மணி நேரம் எதுவும் எடுக்கவில்லை. கேமராவை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து, கொடுத்த காபியைக் குடித்தேன். முதலில் வருவது குழந்தைகள்தான். எதிர்ப்பட்ட பையனிடம் கேமராவைக் கொடுத்து, "நீ எடுடா" என்றேன். அவன் எல்லோரையும் எடுத்தான். அவனைப் பார்த்து மற்றதுகள் வந்தன. அரை மணியில் அலுத்துப்போய் எல்லாம் விளையாடப் போய்விட்டன. பெரியவர்களுக்கு அதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்தது. அப்பாயி ஒருத்தர், பெண்ணின் அப்பாவைப் பெற்றவர், "ஏம்பா, வெறுங்கையோட உக்காந்திருக்கியே, அந்த மாவிலையக் கொஞ்சம் கட்டு" என்று நூலை நீட்டினார். கட்டினேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த அனுமதிச்சீட்டு அதுதான்.

முதல் நாள் ராத்திரி

மாப்பிள்ளை அழைப்பும் ரிசப்ஷனும் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மேடைக்குப் பின்னால் பெரிய எல்இடி சுவர். அதன் துடிப்பு வேறு கணக்கு என்பதால் என் ஷட்டருக்குக் கறுப்புப் பட்டை ஓடியது. 1/50-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்த்தேன், முழுதாகப் போகவில்லை. கடைசியில் மேடையை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் போய், பரிசோடு வரிசையில் நிற்பவர்களை எடுத்தேன். மேடைக்குப் போவதற்கு மூன்று படி முன்னால் ஒவ்வொருவரும் ஒருமுறை சட்டையை இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள். புடவைத் தலைப்பைச் சரிசெய்கிறார்கள். கவரில் பேர் எழுதியிருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிறார்கள். இத்தனை வருடம் நான் மேடைமேல் நின்றிருந்ததால் இதை ஒருநாளும் பார்த்ததில்லை.

ராத்திரி 11 மணிக்கு மேல்தான் கல்யாணம் வீட்டுக்காரர்கள் கைக்கு வருகிறது. மற்ற குழுவினர் தூங்கப் போய்விட்டார்கள். நான் சமையல்கட்டில் உட்கார்ந்தேன். தேங்காய் துருவுகிற சத்தம், அடுப்பின் இரைச்சல், மாஸ்டர் தன் பையனை அதட்டுவது. 2 மணிக்குப் பெண்ணின் அப்பா அங்கே வந்து, ஒன்றும் பேசாமல், கவிழ்த்துப் போட்ட அண்டாவின் மேல் உட்கார்ந்தார். மாஸ்டர் கேட்காமலே ஒரு டம்ளர் டீயை நீட்டினார். அவர் அதைக் குடித்து முடிக்கிறவரை எடுத்தேன். 4 நிமிடம். கேமராவை நிறுத்திவிடலாமா என்று மூன்று முறை தோன்றியது. நிறுத்தாமல் இருந்ததால்தான், டம்ளரைக் கழுவ எழுந்தவர் அந்த வழியில் இருந்த காய்கறிக் கூடையிலிருந்து சொத்தைக் கத்தரிக்காய் ஒன்றைப் பொறுக்கித் தூரப் போட்டது கிடைத்தது.

அதிகாலை 4 மணிக்கு மேளக்காரர்கள் வந்தார்கள். இந்தப் பக்கத்தில் மேளம் என்றால் சும்மா இல்லை. பக்கத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. நான் தவில்காரர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டேன். அவர் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து வலதுகை விரல்களுக்குக் கூடுகளை ஒவ்வொன்றாக மாட்டினார். மாட்டி, கட்டைவிரலால் அழுத்தி, தோலில் ஒரு தட்டு. இன்னும் இறுக்கம் போதவில்லை. கழற்றி, எச்சில் தொட்டு, மறுபடி மாட்டி, இன்னொரு தட்டு. அப்புறம் இடதுகையில் பூவரசங்குச்சியை எடுத்து ஒரே ஒரு அடி. தூங்கிக்கொண்டிருந்த மண்டபத்தில் எங்கோ ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அந்த அடி, அந்த அழுகை, அதற்கு ஒரு பெண் "ச்சு ச்சு" என்பது, மூன்றும் மூன்று ரெக்கார்டரிலும் ஏறியிருந்தன. இந்த அடி எனக்கு எவ்வளவு உதவப்போகிறது என்று அப்போது தெரியாது.

முகூர்த்தம்

முகூர்த்தம் 6 முதல் 7.30. மற்ற குழு இரண்டு எல்இடி பேனல்களோடு வந்தது. அவர்களிடம் முன்கூட்டியே பேசியிருந்தேன்: விளக்கை அணைக்கச் சொல்லவில்லை, ஒரே இடத்தில் நிறுத்தினால் போதும். நகராத விளக்கை மனிதர்கள் பத்து நிமிடத்தில் மறந்துவிடுவார்கள். அந்தப் பையன்கள் நல்லவர்கள், கேட்டபடி மணவறையின் இடதுபக்கம் வைத்துவிட்டார்கள்.

பாதுகாப்புக்காக மாடிக் கைப்பிடியில் பழைய கேமரா ஒன்றை கிளாம்ப் போட்டு மாட்டியிருந்தேன். மணவறை முழுவதும் தெரிகிற அகல ஷாட். அதில் ஒரு சிக்கல்: ஒரே மூச்சில் 29 நிமிடம்தான் பதியும், பிறகு தானாக நின்றுவிடும். 25 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஓட்டச்சொல்லி உதவிப் பையனை அங்கே உட்கார வைத்தேன்.

இந்த இடத்தில் என் இன்னொரு புத்திசாலித்தனத்தைச் சொல்லவேண்டும். கறுப்பு டீ-ஷர்ட் போட்ட ஆள் மணவறை அருகே உறுத்தலாக இருப்பான் என்று நானும் பையனும் வேட்டி சட்டையில் வந்திருந்தோம். அது நன்றாகவே வேலை செய்தது. கொஞ்சம் அதிகமாகவே. வரிசைத் தட்டு தூக்க ஆள் குறைந்தபோது யாரோ ஒரு மாமா, மாடிப்படியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவனை உறவுக்காரப் பையன் என்று நினைத்து, "டேய் தம்பி, சும்மாதானே நிக்கிறே" என்று பழத்தட்டைக் கையில் கொடுத்துவிட்டார். அவன் மறுக்கத் தெரியாத பையன். பழத்தட்டு, பூத்தட்டு, வெல்லத்தட்டு என்று மூன்று நடை நடந்திருக்கிறான். மேலே கேமரா 29-வது நிமிடத்தில் கண்ணை மூடிக்கொண்டது.

கீழே எனக்கு அது தெரியாது. அட்சதைத் தட்டு கூட்டத்தில் சுற்றியது. மாங்கல்யத்தைத் தேங்காய்மேல் வைத்துப் பெரியவர்களிடம் தொட்டு ஆசிவாங்கிக் கொண்டுவந்தார்கள். ஐயர் கையை உயர்த்தி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார். அந்த நொடியில், எனக்கும் மணவறைக்கும் நடுவில் பதினைந்து பேர் எழுந்து நின்று செல்போனைத் தூக்கினார்கள். போட்டோக்காரர் ஸ்டூல்மேல் ஏறினார். எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகளும் ஒரு ஜிகினா ஜாக்கெட்டும்.

பழைய ஆளாக இருந்தால் கத்தியிருப்பேன். "கொஞ்சம் உக்காருங்க, வீடியோ மறைக்குது!" தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் பையில் ஒட்டிவைத்திருந்த காகிதத்தில் நானே எழுதியது: யாரையும் எதுவும் செய்யச் சொல்லக்கூடாது.

திரும்பினேன். எனக்குப் பின்னால் இரண்டாவது தூணோரம் அப்பாயி உட்கார்ந்திருந்தார். கணவரை இழந்தவர். அதனால் யாரும் சொல்லாமலே மணவறைப் பக்கம் வராமல் அங்கேயே இருந்துவிட்டார். அவருக்கும் எதுவும் தெரியவில்லை. நடுவே அத்தனை முதுகுகள். மேளம் உச்சிக்குப் போனபோது, சத்தம் வந்த திசையைப் பார்த்து, எட்டாது என்று தெரிந்தும் அட்சதையை வீசினார். அது முன்னால் நின்ற ஒருவருடைய சட்டைக்காலரில் விழுந்தது. அப்புறம் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். மஞ்சள் ஒட்டிய நாலைந்து அரிசி மிச்சம். அதை எறியவில்லை. முந்தானை ஓரத்தில் வைத்து ஒரு முடிச்சுப் போட்டார். மேளம் தணிந்து, முதுகுகள் உட்கார ஆரம்பித்தபோது, அவர் என்னைப் பார்த்து "கட்டியாச்சா?" என்றார்.

1 நிமிடம் 40 நொடி. ஒரே ஷாட்.

அதே வேளையில் மணவறையில் போட்டோ குழு வேலையைத் தொடங்கியிருந்தது. "சார், இன்னொரு தடவை கையைக் கழுத்துகிட்ட வைங்க… மேடம், தலையைக் குனிங்க… அக்கா, நீங்களும் முடிச்சுப் போடுற மாதிரி…" இப்போது வழி கிடைத்துவிட்டது. அதையும் எடுத்தேன். நான் சொல்லக்கூடாது என்றுதான் விதி. மற்றவர்கள் சொல்லி நடப்பது, நடப்பதுதானே. பெண் குனிந்த தலையோடு சிரிப்பை அடக்கமுடியாமல் தோள் குலுங்கினாள். மாப்பிள்ளை பொய்முடிச்சுப் போடும்போது கை நடுங்கியது. நிஜமாகக் கட்டும்போது நடுங்கியதா என்பது எனக்குத் தெரியாது.

மேஜையில்

மொத்தம் 11 மணி 20 நிமிடக் காட்சி. நான் எடுத்த 4கே பதிவு நொடிக்கு 100 மெகாபிட், அதாவது மணிக்கு 45 ஜிபி. 510 ஜிபி வந்தது. வீட்டுக்கு வந்ததும் இரண்டு டிஸ்க்கில் போட்டு, ஒன்றைத் தங்கை வீட்டில் கொடுத்துவிட்டேன். அப்புறம்தான் குளித்தேன்.

மாடிக் கேமராவில் தாலி கட்டியது இல்லை என்று தெரிந்த ராத்திரி தூங்கவில்லை. பையனைத் திட்டவும் முடியவில்லை. அவனுக்கு வேட்டி கட்டிவிட்டதே நான்தான்.

மறுநாள் ஒலியைக் கேட்க உட்கார்ந்தேன். மேளத்துக்குப் பக்கத்தில் வைத்த ரெக்கார்டர் கெட்டிமேளத்தில் கரகரத்துப் போயிருந்தது. ரெக்கார்டர் எவ்வளவு தாங்கினாலும் மைக்கே திணறினால் ஒன்றும் செய்வதற்கில்லை. இதை அடுத்தவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், தவிலிலிருந்து பத்தடியாவது தள்ளி வையுங்கள். ஆனால் மாப்பிள்ளையின் சட்டைக்குள் இருந்தது தாங்கிவிட்டது. கெட்டிமேளம் கொட்டுவதே அந்த நேரத்தில் வேண்டாத சொல் எதுவும் காதில் விழக்கூடாது என்றுதான். அந்த இரைச்சலைக் கொஞ்சம் தணித்துக் கேட்டால், அடியில் அவனுடைய மூச்சு. ஒரு நீண்ட மூச்சு, அது பாதியில் நிற்கிறது. நகையில் உரசும் சத்தம். அப்புறம் அவன் அக்காவின் குரல், காதருகே: "விடுடா, மீதி ரெண்டும் நான் போட்டுக்கிறேன்."

தாலி கட்டியது எனக்குப் படமாகக் கிடைக்கவில்லை, சத்தமாகக் கிடைத்திருந்தது. அப்பாயியின் 1 நிமிடம் 40 நொடிக்கு அடியில் அந்தச் சத்தத்தை வைத்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தவை, அதனால் இதில் பொய் இல்லை. ஆனால் ‘ஒரே நேரம்’ என்று சொல்லவேண்டும் என்றால் ஃபிரேம் கணக்கில் சரியாக இருக்கவேண்டும். இங்கேதான் அதிகாலைத் தவிலடி உதவியது. ஒவ்வொரு ரெக்கார்டரின் கடிகாரமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். 4 மணி அடியில் எல்லாவற்றையும் ஒட்டிப் பார்த்தால், 7 மணிக்கு மாப்பிள்ளையின் ரெக்கார்டர் கேமராவை விட 6 ஃபிரேம் பின்தங்கியிருந்தது. 7 மணிக்குமேல் மேளம் ஓய்கிற கடைசி அடியை இன்னொரு புள்ளியாக வைத்து, இரண்டுக்கும் நடுவில் ஒலியை இழுத்துச் சரிசெய்தேன். சினிமாவில் கிளாப் அடிப்பார்கள். எனக்குத் தவில்.

பெண்ணின் அப்பாவுடைய ரெக்கார்டரில் ராத்திரி 3 மணிக்கு ஒரு ஏழு நிமிடப் பேச்சு இருந்தது. தம்பியோடு, பணம் பற்றி. அண்டாமேல் உட்கார்ந்து டீ குடித்த காட்சிக்கு அதை அடியில் போட்டால் படம் எங்கேயோ போய்விடும், எடுக்கிற எவனுக்கும் இது தெரியும். அவரிடம் கேட்காமலே அழித்தேன். கேட்டிருந்தால், நான் கேட்டுவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

முதல் வெட்டு 2 மணி 10 நிமிடம். அடுத்தது 74 நிமிடம். கடைசியில் 52. சினிமாப் பாட்டு ஒன்றுகூட இல்லை. ஸ்லோமோஷனும் இல்லை, ஆகாயத்தில் பூ கொட்டுகிற எஃபெக்ட்டும் இல்லை. நாதஸ்வரக்காரர் நலங்குக்கு நடுவில் தானாக வாசித்த பழைய சினிமாப் பாட்டு மட்டும் இருக்கிறது, அது நடந்தது.

அவர்கள் வீட்டு டிவியில் போட்டுக் காட்டினோம். பெண் அழுதாள், மாப்பிள்ளை அமைதியாக இருந்தார். அப்பாயி தன் முந்தானை முடிச்சைப் பார்த்து, "இதையெல்லாம் ஏம்பா எடுத்தே" என்றார், ஆனால் முகத்தில் கோபம் இல்லை. இருபதாவது நிமிடத்தில் ஒரு தாத்தா கேட்டார்: "நான் எங்கடா இருக்கேன்?" அங்கிருந்து ஆரம்பித்தது. பெரியப்பா வரவில்லை. மன்னார்குடி அத்தை வரவில்லை. சம்பந்தி வீட்டுத் தரப்பில் பாதிப் பேர் இல்லை. பெண்ணின் அப்பா விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடம் நான் எடுத்த 3 மணி நேர வீடியோக்களைக் கேவலமாக நினைக்க ஆரம்பித்திருந்தேனே, அவற்றுக்கும் ஒரு வேலை இருந்திருக்கிறது. அது படமே இல்லை, வருகைப் பதிவேடு. யார் வந்தார்கள், யார் பக்கத்தில் யார் நின்றார்கள், பத்து வருடம் கழித்து இறந்துபோன மாமா அன்று எந்தச் சட்டை போட்டிருந்தார். அதற்காகத்தான் எல்லோரும் கேமராவைப் பார்த்தார்கள். ‘நான் வந்திருந்தேன்’ என்று கையெழுத்துப் போடுகிற மாதிரி. பெண்ணின் அக்கா வீடியோவில் எல்லோரும் என்னைப் பார்த்ததில் என் விளக்கின் பங்கு பாதிதான்.

அதற்காக அந்த வரிசையை 52 நிமிடத்துக்குள் திணிக்க எனக்கு மனமில்லை. சாதா வீடியோ அவர்களிடம் இருக்கிறது, அது அந்த வேலையைச் செய்யும். ஆனாலும் உறுத்தல் போகவில்லை. காட்சிகளை மறுபடி ஓட்டினேன். பந்தி நடக்கும்போது மொய் மேஜைக்குப் பக்கத்தில் 18 நிமிடம் உட்கார்ந்து எடுத்திருந்தேன். எழுதுகிறவர் ஒவ்வொரு கவரையும் பிரித்து, ஊர், பேர், தொகை என்று உரக்கச் சொல்லிச் சொல்லித்தான் எழுதுகிறார். பக்கத்தில் ஒருவர் நோட்டை எண்ணிப் பையில் போடுகிறார். பதிவேடு அங்கேயே இருக்கிறது, குரலாக. அந்தக் குரலை எடுத்துப் பந்தியின்மேல் வைத்தேன். "திருவிடைமருதூர்…" என்று பேர் கேட்கும்போது அந்த மனிதர் இலையில் ரசத்தை அணைகட்டிக்கொண்டிருக்கிறார். யார் குரலில் வருகிறார், யார் இலையில் இருக்கிறார் என்று பொருத்தவே இரண்டு நாள் ஆனது, பெண்ணை உட்காரவைத்துப் பேர் கேட்டுத்தான் முடித்தேன். தொகையை மட்டும் ஒவ்வொன்றிலும் வெட்டினேன். 501 வைத்தவர் பக்கத்திலேயே 5001 வைத்தவர் உட்கார்ந்து சாப்பிடுகிறார், வீட்டில் போட்டுப் பார்த்தால் வம்பு. 6 நிமிடம் கூடி, படம் 58 ஆனது. தாத்தா வந்துவிட்டார், பெரியப்பாவும் வந்துவிட்டார். மன்னார்குடி அத்தை மட்டும் கிடைக்கவில்லை. அவர் நேரே கவரைப் பெண் கையில் கொடுத்துவிட்டாராம்.

பென்டிரைவில் போட்டுக் கொடுத்து ஒரு வாரம் இருக்கும். பெண்ணின் அப்பா போன் பண்ணினார். படத்தைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று கடையிலிருந்து வெளியே வந்து எடுத்தேன்.

"தம்பி, அந்த மொய் எழுதுன சத்தம் முழுசா வச்சிருக்கீங்களா? தொகையோட?"

"இருக்குங்க. ஏன்?"

"நோட்டுல கூட்டிப் பாத்தா 1502 இடிக்குது. யாரோ ரெண்டு பேரை எழுதாம விட்டுட்டாங்க. நாளைக்கு அவங்க வீட்டு விசேஷத்துக்கு நான் போய் நிக்கணும்ல."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். 14-வது நிமிடத்தில் ஒருவர் கிடைத்தார். சுவாமிமலை, 501. எழுதுகிறவர் பேரைச் சொன்ன அதே நேரத்தில் யாரோ பாயசம் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார்கள். இன்னொருவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.